நாத்தனார் கட்சி மாறிய கதை

மருந்துக்கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் விற்கும் கம்பெனியில் அவள் விற்பனை மேலாளர். கணவனுக்கும் அதே வேலைதான், ஆனால் போட்டிக் கம்பெனியில். கல்யாணமான புதிதில் பாதிக் கடைகள் கையால்தான் பில் எழுதின. இருவருக்கும் வேலைக்குப் பஞ்சமில்லை. இப்போதோ கம்ப்யூட்டர் இல்லாத கடையே கிடையாது. புதுக் கடை வேண்டுமானால் ஒருவரிடமிருந்து மற்றவர் பிடுங்க வேண்டியதுதான். அவன் குளியலறையில் உரக்கப் பாடினால், தன் கடை ஒன்று பறிபோய்விட்டது என்று அவளுக்குப் புரிந்துவிடும்.

கட்சி மாறி வரும் கடைக்கு அவள் கம்பெனி ஒரு பிரிண்டரை இலவசமாகக் கொடுத்தது. அவன் கம்பெனி சும்மா இருக்குமா? அதுவும் கொடுத்தது.

ஒருநாள் தலைவலி மாத்திரை வாங்க நாத்தனாரின் மருந்துக்கடைக்குப் போனாள். பின்னறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே, பெட்டிகூடப் பிரிக்காமல், பிரிண்டர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக.

"என்னடி இதெல்லாம்?"

நாத்தனார் அசரவில்லை. "ஒரு வருஷம் உங்ககிட்ட, ஒரு வருஷம் அண்ணன்கிட்ட. ரெண்டு பேரும் ஆசையா குடுக்குறீங்க, வேண்டாம்னா மனசு கஷ்டப்படாதா அண்ணி?"

"உங்க அண்ணனுக்குத் தெரியுமா?"

"தூக்கிட்டு வந்து அடுக்கினதே அவர்தான்!"

வந்த தலைவலி இரண்டாகிவிட்டது. அன்று முழுக்க அவள் கணவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மறுநாள் நேரே முதலாளி அறைக்குப் போனாள்.

"இனிமே புதுசா வர்றவங்களுக்கு இலவசம் ஒண்ணும் வேண்டாம் சார். அந்தச் செலவுல, இருக்கறவங்க கூப்பிட்டா உடனே ஓடிப்போய் பாக்க ஆள் போடுவோம்."

"அப்புறம் யாரும்மா புதுசா வருவாங்க?"

"வரவே வேண்டாம் சார். இருக்கறவங்க போகாம இருந்தாலே போதும்."

முதலாளி அரைமனதாகத் தலையாட்டினார். முதலில் விற்பனை படுத்தது; அவர் முகமும் தொங்கியது. பிறகு, கட்சி மாறிப் போகிறவர்கள் போவதை நிறுத்தினார்கள். அந்தச் சமயத்தில் எதிர்க்கட்சியில் இருந்த நாத்தனார் போன் செய்தாள்.

"அண்ணி, கடை நிறைய கூட்டம், பில் வரமாட்டேங்குது. அண்ணன் கம்பெனில போனே எடுக்கல. நான் உங்ககிட்டயே வந்துடறேன்."

"வா. ஆனா பிரிண்டர் கிடையாது."

"ஐயோ, வேணும்னா நான் உங்களுக்கு ரெண்டு தர்றேன்!"

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேஜைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். சாயங்காலம் கணவன் உம்மென்று வந்தான்.

"என் சொந்தத் தங்கச்சியையே இழுத்துட்டியே!"

"நான் எங்க இழுத்தேன்? நீங்க போனை எடுத்திருக்கலாம்ல?"

அடுத்த ஆண்டே அவன் கம்பெனியும் அவள் வழிக்கு வந்தது. அதற்கு அவன் வைத்த பெயர், 'என் யோசனை'.