மூன்றாவது லாட்

எங்கள் பட்டறை வேங்கிக்காலைத் தாண்டி இருக்கிறது. உலோகம் கடைகிற மூன்று சி.என்.சி. மிஷின்கள், ஒரு பழைய லேத். மிஷின்கள் அண்ணனுடையவை, அளந்து பார்ப்பது என் வேலை. ஒவ்வொரு உருப்படியையும் மைக்ரோமீட்டரில் பார்த்து, சரியென்றால் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவேன். அது இல்லாமல் ஒரு பெட்டியும் வண்டி ஏறாது. இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. மெல்லிய கீறல் இருந்தாலும் தூக்கிப் போடுவேன், மிஷின் ஓட்டுகிறவர்கள் பல்லைக் கடிப்பார்கள்.

பட்டறையில் ஒரு வழக்கம். புது ஆர்டரின் முதல் உருப்படியைப் பார்ட்டிக்கு அனுப்ப மாட்டோம். சந்தனம் குங்குமம் வைத்து, சாமி படத்துக்குக் கீழே பலகையில் நிறுத்தி, எதற்கான சாமான் என்று சீட்டு எழுதி ஒட்டுவோம். பால் கறக்கும் மிஷினுக்கு, மாவு மில்லுக்கு, சொட்டுநீர்க் குழாய்க்கு என்று வரிசையாக நிற்கும்.

போன வருஷம் சென்னைப் பார்ட்டி ஒன்று அலுமினியத்தில் ஒரு சாமான் கேட்டது. டிராயிங்கில் நம்பர் மட்டும்தான்.

"என்னாண்ணா இது?" என்று கேட்டேன்.

"ஏதோ வால்வு பாடி" என்றான் அண்ணன். நானும் 'வால்வு' என்று சீட்டு எழுதிக் கற்பூரம் காட்டினேன். பெட்டி பெட்டியாக இரண்டு லாட் சரக்கு போயிற்று.

மூன்றாவது லாட் தயாரான அன்று பார்ட்டியின் ஆள் நேரில் வந்தார். பலகையில் இருந்த சீட்டைப் படித்துச் சிரித்துவிட்டார்.

"வால்வா? பீரங்கிக் குண்டோட மூக்குல போறதுங்க மேடம். குண்ட வெடிக்க வைக்கிற ஃபியூஸோட பாடி."

அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "முன்னெல்லாம் நாம வெளிநாட்டுலேர்ந்து வாங்கிட்டிருந்தோம். இப்ப அவங்க நம்மகிட்ட வர்றாங்க. எங்க பாத்தாலும் சண்டை, நாட்டுக்கு நாடு ஸ்டாக் காலி. இனிமே ஜாஸ்திதான் ஆவும், கம்மியாவாது. இன்னும் ரெண்டு மிஷின் போட்டுக்குங்க."

"எந்த நாட்டுக்குப் போவுது?"

"எனக்கே தெரியாதுங்க. இன்னிக்கு ஒருத்தன் வாங்குவான், நாளைக்கு அவன் எதிராளி வாங்குவான். நமக்கு என்னா?"

செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் ரூம் எடுத்து அமைதி தேடுகிற வெள்ளைக்காரர்களின் ஊர்களுக்கும் போகும் போலிருக்கிறது.

அவர் போனதும் அண்ணனிடம் கேட்டேன். "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். சொன்னா நீ இப்படித்தான் ஆடுவ." பிறகு இறங்கி வந்தான். "நம்ம பட்டாளத்துக்கும் இதெல்லாம் வேணும்தானேம்மா?"

"நம்ம பட்டாளத்துக்குன்னு அந்தாளு சொல்லலியே. யாருக்குன்னே தெரியாதுன்றாரு."

"நாம செய்யலன்னா வேற ஒருத்தன் செய்வான்."

"செய்யட்டும். அவன் கையெழுத்த அவன் போடட்டும்."

பழைய சீட்டைக் கிழித்தேன். 'பீரங்கிக் குண்டுக்கு' என்று பெரிதாக எழுதி அதே இடத்தில் ஒட்டி, கற்பூரத் தட்டை அவன் கையில் கொடுத்தேன். "இப்ப நீ காட்டு, பாக்கலாம்."

அவன் தட்டைக் கீழே வைத்தான். மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன, எல்லோரும் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "கையெழுத்துப் போடறதுன்னா இங்க இரு. இல்லன்னா வீட்டுக்குப் போ" என்றான். பதினோரு வருஷம் வேலை செய்த இடம். மைக்ரோமீட்டரையும் சாப்பாட்டுப் பையையும் எடுத்துக்கொண்டு நடந்தேன். அழுதேன்தான், ஆனால் ரோட்டுக்கு வந்த பிறகு.

மூன்றாவது லாட்டுக்கு யாரோ கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்கள். நான் இப்போது ஒரு பம்புசெட் கம்பெனியில் சாமான் அளக்கிறேன். அங்கே என்னென்ன செய்கிறார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் சேர்ந்தேன், மானேஜர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கட்டும்.

போன வாரம் அண்ணி போன் செய்தாள். "உங்கண்ணன்கிட்ட ஒரு வார்த்த மன்னிப்பு கேட்டுட்டு வந்துடும்மா. அந்த ரெண்டு லாட்டுல ஒண்ணுகூட ரிஜெக்ட் ஆவலியாம், இன்னும் உன்னப் பத்திதான் பெருமையாப் பேசறாரு."

ஒன்றுகூட இல்லை. எல்லாம் நான் பார்த்துப் பார்த்து அனுப்பியவை. எங்கேயோ, யார் தலையிலோ சரியாக வெடித்திருக்கும்.

"மன்னிப்பு கேக்கணும்தான் அண்ணி" என்றேன். "ஆனா அவங்க எந்த ஊர்ல இருக்காங்கன்னு தெரியல."