நாய்க்கு ஆயில் கிடையாது

செல்லத்துரை அண்ணன் இறந்த செய்தி என் கடைக்கு ஒரு பாஸ்போர்ட் போட்டோவாக வந்தது. விராலிமலை மெயின் ரோட்டில் அவருடைய லாரி பட்டறைக்குப் பக்கத்துக் கடைதான் என் ஜெராக்ஸ் கடை. காலையில் அவருடைய மச்சினர் வந்து ஒரு சின்னப் படத்தை மேசையில் வைத்து, "இதக் கொஞ்சம் பெருசாப் போட்டுக் குடுங்கக்கா. மாலை போடுற அளவுக்கு" என்றார். ஏதோ சாமி படம் என்று நினைத்துத்தான் கையில் எடுத்தேன். அண்ணன் காலர் பட்டன் போட்டுக்கொண்டு, போட்டோ எடுத்தவர் சொன்னபடி வாயை இறுக்கி மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

அதற்கு இரண்டு நாளுக்கு முன்னால்தான் நெஞ்சைப் பிசைகிறது என்று திருச்சிக்குப் போனவர். "நாளைக்கு வந்துருவேன்த்தா, பட்டறைப் பக்கம் ஒரு கண்ணு வச்சுக்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அவருடைய 'நாளைக்கு' எப்படிப்பட்டது என்று அவரிடம் பழுதுக்கு வண்டி விட்டவர்களுக்குத் தெரியும். அடுத்த வாரம் வந்தாலே பெரிய விஷயம். அதனால் மறுநாள் அவர் வராதது எனக்கு உறைக்கவே இல்லை.

பதினாறாம் நாளுக்கு ஒரு சின்ன நினைவு மலர் போடுகிறோம், டைப் அடிக்கப்போவது நீங்கள்தானே, நீங்களும் நாலு வரி எழுதுங்கள் என்று கடைக்காரர்கள் கேட்டார்கள். இன்ஜின் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்வார், டிரைவர்களுக்குக் கடவுள் மாதிரி என்றெல்லாம் மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். நான்தான் அதையெல்லாம் டைப் அடித்தேன். எல்லாம் உண்மை. ஆனால் எனக்கு லாரியைப் பற்றி ஒன்றும் தெரியாது. நான் அவரைத் தெரிந்துகொண்டது ஒரு நாயால்.

என் கணவர் குவைத்தில் வேலை பார்க்கிறார். மூன்று வருஷத்துக்கு முன், இந்தக் கடையை எனக்கு வைத்துக்கொடுக்க விடுமுறையில் வந்தவர், மலையடிவாரத்தில் கிடந்த ஒரு குட்டியைத் துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். வெல்ல நிறம், பெயரும் வெல்லம். அவர் விமானம் ஏறிவிட்டார், நாய் என் தலையில் விழுந்தது. எனக்கு நாய் என்றால் ஆகாது. சுத்தம் என்றால் பைத்தியம். தினமும் காலையில் கிருமிநாசினி சோப்புப் போட்டு நுரை பொங்கக் குளிப்பாட்டினேன். அது படுக்கிற இடத்தைப் பினாயில் ஊற்றித் துடைத்தேன். சில மாதங்களில் வெல்லத்தின் முதுகிலிருந்து கோதுமைத் தவிடு போலச் செதில் உதிர ஆரம்பித்தது. வயிற்றுத் தோல் சிவந்து, சொறிந்து சொறிந்து கோடு கோடாகக் கீறல் விழுந்தது. நான் என்ன செய்தேன் என்கிறீர்கள்? இன்னும் கொஞ்சம் சோப்புப் போட்டேன்.

கடைக்கு மேல் மாடியில்தான் எங்கள் குடியிருப்பு. கட்டடத்தின் ஓனர் ஒருநாள் படியேறி வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "சொறிநாய மேல வச்சுக்கிட்டு இருந்தா கீழ கடைக்கு எவன்மா வருவான்? ஆடி முடியறதுக்குள்ள ஒரு முடிவு பண்ணுங்க. மதுரப் பக்கம் போற வண்டியில ஏத்தி விட்ருங்க, அங்கிட்டு எங்கயாச்சும் எறங்கிப் பொழச்சுக்கும்." அவர் சொன்னது எனக்கு அநியாயமாகக்கூடப் படவில்லை. ஆனால் குவைத்தில் இருப்பவருக்கு என்ன பதில் சொல்வது? வெள்ளிக்கிழமைதோறும் வீடியோவில் வந்து என்னை விசாரிப்பதற்கு முன் அதைத்தான் விசாரிப்பார். ஒரு மாதமாக அதன் முகத்தை மட்டும் காட்டிச் சமாளித்துக்கொண்டிருந்தேன். கழுத்துக்குக் கீழே காட்டவில்லை.

எங்கள் பக்கத்தில் நாய்க்குச் சொறி என்றால் எல்லாரும் செய்கிற வைத்தியம் ஒன்று உண்டு. பட்டறையில், இன்ஜினிலிருந்து வடித்த வேஸ்ட் ஆயிலை வாங்கி உடம்பு முழுக்கப் பூசிவிடுவது. கரிக்கட்டை போல அலைகிற நாய்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நானும் ஒரு லிட்டர் பாட்டிலை எடுத்துக்கொண்டு பக்கத்துப் பட்டறைக்குப் போனேன். அங்கே ஆயில் டிரம்மில் வெள்ளைப் பெயின்டால் 'நாய்க்கு ஆயில் கிடையாது' என்று எழுதியிருந்தது. தினமும் பார்க்கிற எழுத்துதான். முன்பின் தெரியாத ஆட்களுக்காக எழுதியிருக்கிறார் என்று நினைத்திருந்தேன்.

"அண்ணே, கொஞ்சம் வேஸ்ட் ஆயில் வேணும்ணே."

"எதுக்குத்தா?"

"கேட்டு கிரீச்சுன்னு கத்துது, அதுக்குத் தடவ."

அவர் என் பாட்டிலைப் பார்த்தார். "ஒரு லிட்டரா? ஒங்க வீட்ல மொத்தம் எத்தன கேட்டு இருக்கு?"

நான் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். பிறகு, லாரிக்கு அடியில் படுத்திருந்த டிரைவர் காதிலும் விழும்படி நல்ல சத்தமாகச் சொன்னார்: "இங்க ஒரு நாய் கெடந்துச்சு. டீசலுன்னு பேரு. சொறி புடிச்சுச்சு. எல்லாரும் பூசுறாகன்னு நானும் இந்தக் கையாலதான் ஆயிலப் பூசுனேன். அது நக்கிக்கிட்டே கெடந்துச்சு. சோறு எறங்கல. நாலாம் நாளு ஜாக்கிக்குப் பக்கத்துல செத்துக் கெடந்துச்சு. கொன்னது நான்தான்த்தா. அந்தப் பேரு ஒனக்கும் வேணுமா?"

அதன் பிறகு இதே வார்த்தைகளை எத்தனையோ தடவை சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டிருக்கிறேன். குன்றாண்டார்கோவிலில் இருந்துகூடப் பாட்டிலோடு வருவார்கள். 'அதெல்லாம் கூடாது, போ' என்று ஒரு அதட்டலில் விரட்டிவிட்டிருக்கலாம். அதட்டுவதில் அவர் குறைந்தவர் இல்லை. ஆனால் இதற்கு மட்டும் அதட்ட மாட்டார். ஒவ்வொருவரையும் உட்காரவைத்து, கொன்னது நான்தான் என்று முதலிலிருந்து சொல்வார். சிலர் வெளியே போய்ச் சிரிப்பார்கள், ஒரு நாய்க்கு இவ்வளவா என்று. அது அவருக்கும் கேட்கும். அடுத்த ஆளிடமும் அதையே சொல்வார். செய்த தப்பை ஒரு தடவை ஒப்புக்கொள்வதற்கே நமக்கு நாக்கு எழுவதில்லை. இந்த மனிதர் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று அவர், நான் தினமும் போட்டுவந்த சோப்பு, பினாயில் கணக்கையெல்லாம் கேட்டுவிட்டு, தன் இரண்டு கைகளையும் என் முன்னால் நீட்டினார். உள்ளங்கை முழுவதும் வெடிப்பு. வெடிப்புக்குள் கருப்பாகக் கிரீஸ். விரல் மடிப்பில் இரத்தம் காய்ந்திருந்தது.

"இது எதனால வந்துச்சுங்கிற? ஆயிலால இல்ல. ஆயிலப் போக்க சோப்புத் தூளு போட்டுத் தேச்சுத் தேச்சுக் கழுவுறேன்ல, அதனால. தோலுல இருக்குற பசையெல்லாம் போயிருது. ஒன் நாயிக்கு ஆயில்கூடக் கெடையாது, சும்மா கெடந்தத தெனமும் கழுவிருக்க. அதுக்கு வந்த வியாதியே நீதான்."

என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. கோபம் வந்தது. ஆனாலும் அந்தக் கைகளைப் பார்த்தபின், கொண்டுபோன பாட்டிலை ஸ்டூலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

"மொதல்ல மாட்டு டாக்டருட்ட காட்டு. சொறிப்பூச்சி இருக்கா, புண்ணுல சீழ் வச்சிருக்கான்னு அவருதான் பாக்கணும். நான் ஸ்பேனரு புடிக்கிற ஆளு" என்றார். டாக்டர் பார்த்தார். பூச்சி இல்லை, புண்ணும் ஆழமில்லை, வெறும் வறட்சி, சோப்பை நிறுத்துங்கள் என்றார். அண்ணன் சொன்னதையே சொல்கிறாரே என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

மறுநாள் அண்ணன் ஒரு பொட்டலம் ஓட்ஸ் கொண்டுவந்தார். அவர் மனைவிக்குச் சர்க்கரை. வீட்டில் ஓட்ஸ் எப்போதும் இருக்கும். ஜீப்பைப் பழுதுபார்க்கக் கொண்டுவந்த ஒரு கால்நடை டாக்டர் சொல்லிக்கொடுத்த முறையாம். மிக்ஸியில் மாவாக அரைத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் பால் போலக் கரைத்து, நாயின் மேல் மெதுவாக ஊற்றிப் பத்து நிமிஷம் விட வேண்டும். பிறகு நல்ல தண்ணீரில் அலசி, துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும். நான் பழக்கதோஷத்தில் துண்டை அழுத்தினால், "ஒத்து, தேய்க்காத. அது பாத்திரமில்ல" என்று குரல் வரும். வாரத்துக்கு ஒரு தடவைதான் இதுவும். காய்ந்து வெடித்த இடத்தில் மட்டும் தேங்காய் எண்ணெய், அதுவும் விரல் நுனியில் தொட்டு. படுக்கிற இடத்துக்கு வெறும் தண்ணீரும் ஒரு பழைய பருத்திச் சேலையும் போதும்.

இத்தனையும் சொல்வாரே தவிர, அவர் வெல்லத்தைத் தொடவே மாட்டார். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்பார். ஏனென்று கேட்டபோது, "இந்தக் கை ஆகாதுத்தா" என்றார். டீசலைத் தடவிய கை என்று சொல்கிறாரா, கிரீஸ் ஒட்டியிருப்பதைச் சொல்கிறாரா என்று நான் கேட்கவில்லை. வெல்லம் அவர் காலைச் சுற்றிச் சுற்றி வரும். கடைசியில் குனிந்து, முழங்கையால் அதன் தலையைத் தடவுவார். நாய்க்கும் அது பழகிவிட்டது. அவரைக் கண்டால் முழங்கைக்குத்தான் எம்பும்.

ஆடி கடைசி வாரம் ஓனர் வந்தார். சொறிவது நின்றிருந்தது, கீறல் ஆறி மேலே பூனைமுடி போல மெல்லிய ரோமம் வந்திருந்தது. அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரி, இருக்கட்டும். படியில மட்டும் விடாதீங்க" என்று இறங்கிப் போனார். அந்த வெள்ளிக்கிழமை வெல்லத்தை முழுசாகத் தூக்கிக் காட்டினேன். என் கணவர், "என்ன, ஒன் மொகம் இவ்வளவு சந்தோசமா இருக்கு" என்று கேட்டார். அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது, அது என் நாயும்தான் என்று. அதை எனக்குக் காப்பாற்றிக் கொடுத்தவர் செல்லத்துரை அண்ணன்.

அவர் போன பிறகு பட்டறை பூட்டிக் கிடக்கிறது. போன வாரம் ஒருவர் பாட்டிலோடு வந்து, பூட்டைப் பார்த்துவிட்டு, "அண்ணன் எப்பக்கா வருவாரு?" என்று என்னிடம் கேட்டார். நடந்ததைச் சொன்னேன். எதற்கு ஆயில் என்று கேட்டேன். கேட்டுக்கு என்றார். உட்காரச் சொன்னேன். "எங்க வீட்ல ஒரு நாய் இருக்கு. தெனமும் சோப்புப் போட்டு அத நான்தான் புண்ணாக்குனேன்" என்று ஆரம்பித்தேன். முதல் தடவை சொல்லும்போது வெட்கமாகத்தான் இருந்தது. அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது இதுதான்: அடுத்தவருக்குப் புத்தி சொல்வதென்றால் தன் தப்பிலிருந்து தொடங்குவது.

தொடங்கிய பிறகு, பாதியில் நிறுத்துவது நியாயமில்லை. என் இன்னொரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். நான் பெரிதாக்கிக் கொடுத்த படம் இப்போது அவர் வீட்டில் மாலையோடு இருக்கிறது. காலர் வரைக்கும்தான் இருக்கிறது, கைகள் அதில் இல்லை. என் கடை மேசையில் வெல்லத்துக்குத் தடவிய அந்தத் தேங்காய் எண்ணெய்ப் புட்டி இன்னும் இருக்கிறது. அப்போதெல்லாம் தினமும் அதைத் திறந்து, வெல்லத்தின் தோலில் எங்கே வெடிப்பு என்று தேடித் தேடித் தடவினேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் கைகளைச் சோப்புத் தூள் போட்டுக் கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். மூன்று வருஷம் பக்கத்திலேயே இருந்தார். அண்ணே, கையைக் கொஞ்சம் நீட்டுங்க என்று ஒரு நாள்கூட எனக்குச் சொல்லத் தோன்றவில்லை.