எடுக்கக் கூடாத அழைப்பு

"போனை எடுத்துட்டாங்கக்கா."

காளீஸ்வரி இறந்த செய்தி எனக்கு இந்த வார்த்தைகளில்தான் வந்தது. பேசியவன் அவள் தம்பி முருகேசன். ஜெகதாப்பட்டினத்தில் படகுகள் வந்து சேரும் இடத்தில் நின்றுகொண்டிருந்தான். ஐஸ் உடைக்கும் சத்தம் அவன் குரலுக்குப் பின்னால் கேட்டது. நான் அறந்தாங்கியில் என் வீட்டுச் சமையலறையில் பாலை அடுப்பில் ஏற்றியிருந்தேன். யார் எடுத்தார்கள், என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. எடுத்துவிட்டார்கள் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

வெளியாட்களுக்கு இது புரியாது என்பதால் சொல்கிறேன். முருகேசன் விசைப்படகில் மீன் பிடிக்கப் போகிறவன். இன்று காலையில் போனால் நாளை விடியலில் திரும்புவான். கரையை நெருங்கி சிக்னல் கிடைத்ததும் சென்னையில் இருக்கும் அக்காவுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பான். இரண்டு ரிங், அவ்வளவுதான். அவள் எடுக்கக் கூடாது என்பது அவர்களுக்குள் ஏற்பாடு. இரண்டு ரிங்கில் நின்றுவிட்டால் தம்பி கரை வந்துவிட்டான். நிற்காமல் அடித்தால் ஏதோ விபரீதம். எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம் என்று ஆகிவிட்ட இந்தக் காலத்திலும் அவர்கள் அதை மாற்றவில்லை. அன்றும் அவன் வழக்கம்போல் கொடுத்திருக்கிறான். முதல் ரிங்கிலேயே எடுத்தது அவள் கணவர். எடுத்தவர் அழுதிருக்கிறார். அவளுக்கு மாரடைப்பு, ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. இத்தனை காலமும் கடலில் இருப்பவனுக்கு என்ன ஆகுமோ என்று கரையில் இருந்தவள் பயந்தாள். கடைசியில் கடலிலிருந்து வந்தவன் நலமாக இருந்தான்.

அவள் சொந்த ஊரில் வைத்த அஞ்சலி ஃபிளெக்ஸில் 'அஞ்சா நெஞ்சம் கொண்ட வழக்கறிஞர்' என்று அச்சடித்திருந்தார்கள். நல்ல மனதோடு செய்ததுதான். ஆனால் காளீஸ்வரி அதைப் பார்த்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாள். அவள் அளவுக்குப் பயந்த ஒருத்தியை நான் பார்த்ததில்லை. அவளைத் தெரிந்தவர்கள், குறிப்பாக அவளோடு பெரிய அலுவலகங்களில் எதிரே உட்கார்ந்து தோற்றவர்கள், இதை நம்பமாட்டீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

திருச்சியில் சட்டம் படித்தபோது ஹாஸ்டலில் ஒரே அறை எங்களுக்கு. நான் கீரமங்கலத்தில் பூ விவசாயம் செய்யும் வீட்டுப் பெண். என் பெட்டியைத் திறந்தால் மல்லிகை மணக்கும், அவள் பெட்டியைத் திறந்தால் கருவாடு. "ரெண்டையும் ஒரே பீரோவுல வச்சா பாவம், ஒம் பூவுதான் கெட்டுப்போகும்" என்று அவளே சொல்லிப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவாள். அவள் அப்பா ஐஸ் கம்பெனியில் கட்டி உடைக்கும் கூலியாள். அம்மா மீன் தரம் பிரிக்கப் போவார். அந்தத் தெருவிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் பெண் இவள். வார்டன் அறையில் தொலைபேசி மணி அடித்தால் போதும், எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொள்வாள். யார் பெயரைக் கூப்பிடுகிறார்கள் என்று தெரியும்வரை மூச்சு விடுகிறாளா என்றே சந்தேகமாக இருக்கும். அவள் சித்தப்பா ஒருவர் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். அந்தச் செய்தியும் பக்கத்து வீட்டுத் தொலைபேசியில்தான் வந்ததாம்.

இங்கிலீஷுக்குப் பயம், நேர்முகத் தேர்வுக்குப் பயம், லிஃப்டில் பெரிய வக்கீல்களோடு ஏறப் பயம். இந்தப் பயங்களையெல்லாம் சுமந்துகொண்டே சென்னைக்குப் போனாள். ஒரு மூத்த வழக்கறிஞரிடம் ஜூனியராகக் கேஸ் கட்டுத் தூக்கினாள். கம்பெனிகளுக்கு ஒப்பந்தம் எழுதும் சட்ட நிறுவனம் ஒன்றுக்கு மாறினாள். அங்கே படிப்படியாக ஏறிக்கொண்டே போய், கடைசியில் அந்த நிறுவனத்தின் பங்குதாரரே ஆகிவிட்டாள். கண்ணாடிக் கதவில் பெயர் ஒட்டிய அன்று எனக்குப் போனில் பேசினாள். வாழ்த்துச் சொல்ல நான் வாய் திறக்கும் முன்பே, "பயமா இருக்குடி வசந்தா. பேரை ஒட்டிப்புட்டாங்க. இனிமே ஓடியும் போக முடியாது" என்றாள்.

பயந்துகொண்டே எப்படி ஜெயித்தாள் என்று கேட்டால், பயந்ததால்தான் என்பேன். எல்லோரும் ஒப்பந்தத்தில் என்ன கிடைக்கும் என்று படிப்பார்கள். இவள் எதெல்லாம் நடக்காமல் போகும் என்று படிப்பாள். ஒருமுறை கேட்டதற்குச் சொன்னாள்: "எங்கப்பா ஒரு நாளைக்குப் போற போட்டுல ரெண்டு நாளைக்கு ஐஸ் அடைப்பாருடி. ஓனர் திட்டுவாரு. 'திரும்பி வராத நாளுக்கும் மீனு கெடக்கூடாதுல்ல'ன்னுருவாரு. நானும் அதத்தான் பண்றேன்."

மணமேல்குடிப் பக்கம் ஒரு மீன் பதப்படுத்தும் ஆலையைச் சென்னைக் கம்பெனி ஒன்று வாங்க வந்தது. கம்பெனிக்கு வக்கீல் காளீஸ்வரி. ஊர்ப் பத்திரங்களைப் பார்த்துக் கொடுக்க என்னைச் சேர்த்துக்கொண்டாள். புதுக்கோட்டை ஹோட்டல் ஒன்றில் கையெழுத்து. அவள் சரி என்றால் கம்பெனிக்காரர் கையெழுத்துப் போடுவார். ஆனால் அன்று விடியலில் வரவேண்டிய மிஸ்டு கால் வரவில்லை. அந்த அறையில் அது தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான். போனை மேஜைமேல் வைத்துக்கொண்டு பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பார்த்த பக்கத்தையே மறுபடி பார்க்கிறாள் என்பது எனக்கு மட்டும் தெரிந்தது.

போன் அடித்தது. ஒன்று, இரண்டு. நிற்கவில்லை. அவள் எழுந்து வராந்தாவுக்கு வந்து போனை என் கையில் திணித்தாள். "நீ எடுடி. என்னால முடியாது."

படகு உரிமையாளர் பேசினார். "மத்த போட்டெல்லாம் வந்துருச்சும்மா. தம்பி ஏறிப் போன போட்டு மட்டும் இன்னும் வரல. எல்லையில நேவிக்காரங்க புடிச்சிட்டாங்களா, எஞ்சின் நின்னுபோச்சான்னு தெரியல."

சொன்னேன். சுவரில் சாய்ந்துகொண்டாள். பிறகு நேராக உள்ளே போனாள். தன் வீட்டைப் பற்றி அதுவரை அவர்களிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை அவள். "எந் தம்பி கடல்ல இருக்கான். போட்டு திரும்பல. கை நடுங்குது. இப்ப நான் சரின்னு சொன்னா அத நம்பாதீங்க. நானே நம்பமாட்டேன்" என்று தமிழிலேயே சொன்னாள். வேலை போகுமோ, கட்சிக்காரர் போவாரோ என்று எனக்குத்தான் உள்ளுக்குள் பதறியது. கம்பெனிக்காரர் பேனாவை மூடினார். "கிளம்புங்கம்மா. ஆலை எங்கேயும் ஓடிப் போயிடாது" என்றார்.

ஜெகதாப்பட்டினத்தில் பெண்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். காத்திருக்கும்போது கடலில் இருப்பவன் பெயரை அங்கே யாரும் சொல்லமாட்டார்கள். இவளைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் நகர்ந்து இடம் விட்டார்கள். இஸ்திரி போட்ட கோர்ட்டுச் சேலையோடு அவர்களுக்கு நடுவில் போய் நின்றாள். பொழுது சாயும் நேரத்தில் ஒரு படகு இன்னொன்றை இழுத்துக்கொண்டு வந்தது. எஞ்சின்தான். முருகேசன் இறங்கியதும் அவன் முதுகில் படார் படாரென்று அறைந்தாள். அப்புறம் என்ன கேட்டாள் தெரியுமா? "ஐஸ் இருந்துச்சாடா?"

"இருந்துச்சுக்கா. மீனு கெடல."

அவள் அழுதுகொண்டே சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த வாரம் கையெழுத்தானது. அதற்குள், ஆலைக்கு மீன் தரும் படகுக்காரர்களோடு போடும் ஒப்பந்தத்தில் ஒரு புது வரியைச் சேர்த்திருந்தாள். படகு பிடிபட்டாலோ பழுதானாலோ அன்றைய மீனுக்கு அபராதம் கிடையாது. "நீ கம்பெனிக்கு வக்கீலா, கடற்கரைக்கு வக்கீலா?" என்று கிண்டல் செய்தேன். அவள் கோபித்துக்கொண்டாள். "வராத மீனுக்கு அபராதம்னா, எஞ்சின் சரியில்லாத போட்டையும் பயந்துக்கிட்டு எடுத்துட்டுப் போவாங்க. அப்புறம் மீனும் வராது, ஆளும் வராது. கம்பெனிக்கு என்னடி லாபம்?" கம்பெனிக்காரர் அதை ஏற்றுக்கொண்டார்.

அவளை ஊருக்குக் கொண்டுவந்துதான் அடக்கம் செய்தோம். எல்லோரும் போன பிறகு முருகேசன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். மிஸ்டு கால் கொடுக்கும் போன் அவன் கையில் இருந்தது. "கடலுக்குப் போகணும்க்கா. எத்தன நாளைக்கு வீட்டுல கெடக்குறது? ஆனா கரைக்கு வந்தா யாருக்குக் குடுக்குறது?" என்றான். அவன் மனைவி பக்கத்தில்தான் இருந்தாள். அவள் குனிந்த தலை நிமிரவில்லை. இத்தனை வருடமும் அவளுக்குச் செய்தி சொன்னது காளீஸ்வரிதான் என்று அப்போதுதான் புரிந்தது. மிஸ்டு கால் வந்ததும் நாத்தனார் இவளுக்குப் போனில் பேசி, "வந்துட்டான், ஒலைய வையி" என்பாளாம். பயத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு நல்ல செய்தியை மட்டும் அந்தப் பெண்ணுக்குக் கொடுத்திருக்கிறாள்.

"எனக்குக் குடுடா" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது என்றுகூடச் சொல்லலாம். நான் அவளைப்போல் கடற்கரையில் பிறந்தவள் இல்லை, பூ வாடுவதற்கு மேல் பெரிய பயம் எதுவும் தெரியாமல் வளர்ந்தவள். ஆனால் அந்தச் சனிக்கிழமை அவன் கடலுக்குப் போனதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் ஜன்னலுக்குப் போனேன்.

மறுநாள் விடியலில் அதே அடுப்பில் பால் வைத்துக்கொண்டு நின்றேன். போன் அடித்தது. எடுத்துவிடத் துடித்த கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டேன். இன்னொரு முறை அடித்தது. அப்புறம் வந்த அந்த நொடியில்தான் காளீஸ்வரி வாழ்நாள் முழுவதும் வாழ்ந்திருக்கிறாள். அதைத் தாண்டித்தான் தினமும் குளித்து, சேலை கட்டி, அந்தக் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு போயிருக்கிறாள்.

நின்றுவிட்டது.

அவளிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது இந்தப் பயம்தான். பத்திரமாக வைத்திருக்கிறேன். அடுப்பை அணைத்துவிட்டு முருகேசன் மனைவிக்குப் போன் போட்டேன். "வந்துட்டான், ஒலைய வையி."