ஐம்பொன் வளையலும் சிவப்பு விளக்கும்

எனக்குக் கோவையாக எழுத வராது, மன்னிக்க வேண்டும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. இப்போது ஞாபகமும் தவறுகிறது.

தட்டாஞ்சாவடியில் இரும்புக் கிளிப் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் நான் பெருக்குகிறேன். அங்கேயே கிளிப் வளைக்கும் மெஷினில் என் மகளுக்கு வேலை. தகட்டை அச்சுக்குள் தள்ளிவிட்டுக் கையை எடுத்துக்கொள்ள வேண்டும். அச்சின் ஓரத்தில் விரல் பருமனுக்கு ஒரு சென்சார். தகடு கிட்டே வந்ததும் அதில் சிவப்பு விளக்கு எரியும். மேலே இருக்கிற கட்டை இறங்கித் தகட்டை வளைக்கும்.

ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து மகள் என் வீட்டுக்கு வந்தாள். இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல், அதோடு மாமியார் போட்ட ஐம்பொன் வளையல் ஒன்று. பிள்ளை பிறக்கிறவரைக்கும் அதைக் கழற்றக் கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம்.

மறுநாளே வேலைக்குப் போனோம். அச்சுக்குள் சிக்கிய துண்டை எடுக்க மகள் கையை விட்டாள். சென்சார் கிட்டே தகடே இல்லை, ஆனால் விளக்கு எரிந்தது. துடைப்பத்தைப் போட்டுவிட்டுக் கத்தினேன். அவள் கையை இழுக்கவும் கட்டை இறங்கவும் சரியாக இருந்தது. நூலிழையில் கை தப்பியது.

எலக்ட்ரீஷியன் தம்பி ஓடிவந்தார். கட்டை இறங்காதபடி, அதைத் தள்ளுகிற காற்றுக் குழாயை அடைத்துவிட்டு, சென்சாரிடம் ஸ்பானரை நீட்டினார். தொடாமலே எரிந்தது. பிளாஸ்டிக் மூடியை வைத்தார், எரியவில்லை. கண்ணாடி வளையலுக்கும் எரியவில்லை. ஐம்பொன் வளையல் ஒட்டினாற்போல வந்ததும் எரிந்தது.

"இதுக்குள்ள ஒரு சுருள் இருக்குது ஆயா. உலோகம் கிட்ட வந்தா தெரிஞ்சிக்கும். இரும்புன்னா கொஞ்சம் தள்ளியே தெரியும். செம்பு, பித்தளைன்னா ரொம்ப கிட்ட வரணும்."

"கைன்னு தெரியாதாப்பா அதுக்கு?"

"தகடு வந்துச்சான்னு பாக்கத்தான் இத வச்சிருக்கு. கையக் காப்பாத்த வச்சதில்ல. அந்த வளையல கழட்டச் சொல்லுங்க."

மகள் என்னைப் பார்த்தாள். "அத்தகிட்ட யாரும்மா சொல்றது? நீ போன்லயே அவங்ககிட்ட ம், ம்முனுதான் பேசுவ."

சாயங்காலம் பஸ் ஏறி உப்பளத்தில் இருக்கிற சம்பந்தியம்மா வீட்டுக்குப் போனேன். கழற்றினால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று எனக்கே பயம். கழற்றாவிட்டால் மகளுக்குக் கை போய்விடும். சம்பந்தியம்மா கொடுத்த காபி ஆறி ஆடை கட்டிய பிறகுதான் வாய் திறந்தேன்.

"என் வளையலு அந்த மெஷினுக்கு இரும்பாத் தெரியுதா? ஐம்பொன்னுங்க அது!"

"அதுக்கு எல்லாம் ஒண்ணுதான் சம்பந்தியம்மா."

"நல்லா இருக்குதே ஞாயம்!" என்றவர் ஆறிய காபியை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு, "கை போனா என் பேரப்புள்ளைய எதால தூக்குவா? வளையலு இருக்கட்டும். அவள அந்த மெஷினாண்ட விடாதீங்க. மொதலாளிகிட்ட கேளுங்க" என்றார்.

ஒருவரிடம் பேசி முடித்தால் இன்னொருவர். விடிய விடியத் தூக்கமில்லை. காலையில் முதலாளி முன்னால் நின்றபோது பாதி வார்த்தை வரவில்லை. மீதியை அவரே புரிந்துகொண்டு மகளைப் பேக்கிங்குக்கு மாற்றினார்.

இப்போது அந்த மெஷினில் வேறொரு பெண். மெல்லிய கவரிங் வளையல் போட்டிருக்கிறாள். கழற்றச் சொன்னால், "நூலு மாதிரி இருக்குது ஆயா, இதெல்லாமா அதுக்குத் தெரியப் போவுது?" என்று சிரிக்கிறாள். தெரியும் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் அடித்துச் சொல்ல எனக்குப் படிப்பு இல்லை. அந்தத் தம்பி சொன்னதை நான் சரியாகத்தான் எழுதியிருக்கிறேனா, கவரிங்குக்கும் அந்த விளக்கு எரியுமா என்று விஷயம் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துச் சீக்கிரம் சொல்லுங்கள்.