பிலோமினா அக்கா போட்ட கூடாரம்

செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஷிப்ட் முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது. பிலோமினா அக்காவின் மகள் ஜெனிற்றா. "அன்ரி, அம்மா போயிட்டா" என்றாள். மூன்று மாதமாக எதிர்பார்த்திருந்த செய்திதான். ஆனாலும் ஒரு காலில் சப்பாத்தோடு மாடிப்படியில் அப்படியே இருந்துவிட்டேன்.

அடக்கம் முடிந்து இரண்டு கிழமையாகிறது. அன்று தேவாலய மண்டபத்தில் எங்கள் தமிழ்ச் சங்கம் கொடுத்த அஞ்சலிப் பிரசுரத்தை உங்களில் பலர் வாங்கியிருப்பீர்கள். "அமைதியே உருவானவர், அதிர்ந்து பேசாதவர், எல்லோருக்கும் விட்டுக்கொடுத்து வாழ்ந்தவர்" என்று அதில் இருக்கிறது. யாரைப் பற்றி எழுதினார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. லண்டன் ஹவுன்ஸ்லோவில் பன்னிரண்டு வருடம் வாழ்ந்த பிலோமினா அக்கா அதிர்ந்துதான் பேசுவார். அவர் விட்டுக்கொடுத்ததை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

அதே மண்டபத்தில் செயலாளர் இன்னொன்றும் அறிவித்தார். ஒவ்வொரு ஓகஸ்ட் மாதமும் அக்கா பெண்களைக் கூட்டிக்கொண்டு தண்ணீர்க்கரைக்குக் கூடாரம் போடப் போவாரே, அது இனி இல்லையாம். பதிலாக அவர் நினைவாக மண்டபத்தில் ஒரு விழா, பேச்சு, விருந்து. எல்லோரும் தலையாட்டினீர்கள். நானும் வாயைத் திறக்காமல் இருந்தேன். அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன். துக்கமும் இருக்கிறது, கோபமும் இருக்கிறது. இரண்டையும் பிரித்து எழுத எனக்கு வராது.

அக்கா மன்னாரிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு வந்தவர். கடலுக்குப் போன கணவர் திரும்பவில்லை. கடல் எடுத்ததா, கடற்படை எடுத்ததா என்று கடைசிவரை தெரியவில்லை. நான் யாழ்ப்பாணம். இருவரும் சந்தித்தது விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் ஒரு தொழிற்சாலையில். ஓடும் பட்டிக்கு அந்தப் பக்கம் அக்கா பாண் வைப்பார், இந்தப் பக்கம் நான் பட்டர் வைப்பேன். வேலை நேரத்தில் தமிழில் கதைக்கக் கூடாது என்று ஒருநாள் சுப்பர்வைசர் வந்து சொன்னார். அக்கா பாண் வைப்பதை நிறுத்தாமலே தன் அரைகுறை ஆங்கிலத்தில் பதில் சொன்னார்: கை உங்களுடையது, வாய் என்னுடையது. அந்த மனிதர் திரும்பிப் போய்விட்டார். அதற்குப் பிறகு நாங்கள் இன்னும் சத்தமாகக் கதைத்தோம்.

கூடாரக் கதை தொடங்கியதும் அந்தத் தொழிற்சாலையில்தான். எண்பத்தெட்டாம் ஆண்டு, கன்ரீன் பலகையில் யாரோ பழைய கூடாரம் இரண்டு விற்பதாக எழுதி ஒட்டியிருந்தார்கள். அக்கா வாங்கிவிட்டார். லண்டனின் வட எல்லையில் பெரிய நீர்த்தேக்கம் ஒன்று இருக்கிறது, சுற்றிவரப் பூங்கா, நடக்கிற பாதைகள், கூடாரம் போட்டுத் தங்க அனுமதி, மூன்று நாள் போகிறோம் என்று தேநீர் இடைவேளையில் அறிவித்தார். எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. எங்களோடு வேலை செய்த சரோ கேட்டேவிட்டாள்.

"அக்கா, அகதி முகாமில கூடாரத்துக்குள்ள கிடந்தது காணாதோ? இங்கயும் போய்க் கிடக்க வேணுமோ?"

"அது அவங்கள் போட்டது. இது நான் போடுறன். எனக்கு வேண்டாமெண்டால் நானே கழட்டுவன்."



வீட்டிலும் கேட்டார்கள். என் கணவர், "வீடு வாசல் இல்லாத ஆக்கள் மாதிரி என்னத்துக்குக் காட்டில போய்ப் படுக்கிறது?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இல்லாமலில்லை. ஒரே வீட்டில் மூன்று குடும்பமாக இருந்த காலம் அது. வீடு என்று சொல்ல ஒரு அறை கிடைத்ததே எங்களுக்குப் பெரிய காரியம். ஆனால் அந்த அறையில் ஒரு பெண்ணுக்குக் காலை நீட்டி இருக்க ஐந்து நிமிடம் கிடைக்காது. அதை நான் சொல்லவில்லை. பிள்ளைகளை அவரிடம் விட்டுவிட்டு, புட்டு அவித்துக் கட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

ஆறு பெண்கள், இரண்டு கூடாரம், ஒரு புட்டுப் பானை, அரிசிப் பை, போத்தலில் சம்பல். எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ரியூப் ரயிலில் ஏறினோம். கோட்டுச் சூட்டுப் போட்ட ஒரு தமிழர் எதிரே இருந்தார். எங்களைக் கண்டதும் பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். அக்கா அவருக்கு நேரே குனிந்து, "தம்பி, நாங்களும் யாழ்ப்பாணம் மன்னார்தான். ஒளிக்காதையும்" என்றார். பாவம், அவர் அடுத்த நிலையத்தில் இறங்கிவிட்டார். அது அவர் இறங்கவேண்டிய நிலையம் இல்லை என்று சரோ இன்றைக்கும் அடித்துச் சொல்வாள்.

அடுத்த நாள் காலையில் நடந்ததைத்தான் நான் முக்கியமாகச் சொல்லவேண்டும். தண்ணீருக்குப் பக்கத்தில் தேநீர் வைத்துக்கொண்டிருந்தோம். அக்கா குழாயடிக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தார். பூங்காக் காவலர், தொப்பி போட்ட வயதான வெள்ளைக்காரர், கையில் எழுதும் அட்டையோடு வந்து, எத்தனை பேர் தங்குகிறீர்கள் என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். சரோ எழும்பிக் கூடாரத்துக்குள் போய்த் தன் பிளாஸ்ரிக் பையை எடுத்துக்கொண்டு வந்தாள். அதற்குள் அவளுடைய குடிவரவுக் கடிதங்கள். அடுத்து நான் போனேன். பிறகு மற்றவர்கள். சொல்லி வைத்தாற்போல் எல்லோரும் பத்திரங்களைக் கொண்டு வந்திருந்தோம். மூன்று நாள் பிக்னிக்குக்கு மாற்றுச் சேலை எடுக்க மறந்தவர்கள்கூட அந்தப் பையை மறக்கவில்லை. ஐந்து பெண்கள், கையில் கடிதத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு, புல்லின் மேல் வரிசையாக நின்றோம். யாரும் நிற்கச் சொல்லவில்லை. நான் மூன்றாவது ஆள். அவர் வாசிக்க வசதியாக எழுத்தை அவர் பக்கம் திருப்பியும் பிடித்திருந்தேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. அந்தக் கடிதங்கள் என்னவென்றே அவருக்குத் தெரியாது.

அக்கா தண்ணீரோடு வந்தார். எங்களைப் பார்த்தார். வாளியை மெதுவாகக் கீழே வைத்தார்.

"ஆர் உங்களை வரிசையில நிக்கச் சொன்னது?"

சரோ கடிதத்தை மடித்தாள்.

"அந்த மனுசன் எத்தனை பேரெண்டுதானே கேட்டது? ஆறு எண்டு சொல்ல ஒரு ஆள் காணும். இருங்கோ எல்லாரும்."

இருந்தோம். அக்கா அவரிடம் ஆறு என்று விரல் காட்டி, தேநீர் வேண்டுமா என்று கேட்டார். அவர் நின்றபடி குடித்துவிட்டு நன்றி சொல்லிப் போனார். போன பிறகு எங்களுக்குள் ஒரு அசட்டுச் சிரிப்பு வந்தது. அக்கா சிரிக்கவில்லை. தண்ணீரைப் பார்த்தபடி சொன்னார்: "என்ர பையும் உள்ளுக்கதான் கிடக்கு. நானும் கொண்டுதான் வந்தனான்."

அந்த ஒரு வசனத்துக்காகவே நான் அவரோடு எங்கேயும் போயிருப்பேன். பயம் இல்லாதவர் என்று அவரைச் சொல்கிறவர்களுக்கு அவரைத் தெரியாது. பயம் எங்களுக்கு இருந்த அளவு அவருக்கும் இருந்தது. அது சொன்னபடி மட்டும் அவர் கேட்கமாட்டார்.

அடுத்த வருடமும் போனோம், அதற்கடுத்த வருடமும் போனோம். ஆறு பேர் பதினான்கு பேரானோம். சேலைக்குக் கீழே ஓட்டச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நீர்த்தேக்கத்தைச் சுற்றி நடந்தோம். அக்கா முன்னே போவார். "வந்த வழியால திரும்பிறேல்லை" என்பது அவருடைய சட்டம். அந்தச் சட்டத்தால் ஒருமுறை யாரோ கோல்ஃப் விளையாடும் புல்வெளிக்குள் போய் ஏறினோம். ஒருவர் கையை ஆட்டிச் சத்தம் போட்டுக்கொண்டு வந்தார். அக்கா அவரிடமே பஸ் எங்கே எடுக்கலாம் என்று விசாரித்தார். மழையில் நனைந்து, பஸ் பிடித்து, கூடாரத்துக்கு வந்து மத்தியானச் சாப்பாட்டை ஐந்து மணிக்குச் சாப்பிட்டோம். சரோவின் காலில் கொப்புளம். அக்கா மன்னிப்புக் கேட்டார் என்று நினைக்காதீர்கள். "இப்ப ஒரு புதுப் பாதை தெரியுமெல்லோ" என்றார்.

இனி என் பிழையைச் சொல்கிறேன். தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு, இந்தப் பயணத்தைச் சங்கம் பொறுப்பெடுத்து நடத்தினால் நல்லது என்று செயலாளரிடம் போய்ச் சொன்னது நான்தான். வீட்டில் முணுமுணுப்பு நிற்கும், பிள்ளைகளும் வருவார்கள், போக வர ஒரு பஸ் கிடைக்கும் என்று நினைத்தேன். சங்கம் உடனே ஏற்றுக்கொண்டது. அக்காவுக்குத் தெரியவந்த நாளிலிருந்து நான்கு மாதம் அவர் என்னோடு கதைக்கவில்லை. பட்டிக்கு அந்தப் பக்கம் பாண், இந்தப் பக்கம் பட்டர், நடுவில் ஒரு வார்த்தை இல்லை. கொடுமையான ஆள். அந்த நான்கு மாதத்துக்காக நான் இன்னும் அவரை முழுதாக மன்னிக்கவில்லை.

ஓகஸ்ட் வந்தது. பஸ் நிறையச் சனம், கதிரைகள், ஒலிவாங்கி, சோறு வடிக்கப் பெரிய கிடாரம். ஆண்கள் மரநிழலில் காட்ஸ் விளையாடினார்கள். பெண்கள் பதினொரு மணிக்கு வெங்காயம் உரிக்கத் தொடங்கினோம். அறுபது பேருக்குச் சமையல். நடைபாதைப் பக்கம் ஒரு பெண்ணும் போகவில்லை. சமையல் நடந்துகொண்டிருக்கும்போதே ஒருவர் எழும்பிப் பெண்மையின் பெருமை பற்றிப் பேசினார். அக்காவும் வந்திருந்தார். எல்லோரையும் விட்டுத் தள்ளி, தண்ணீர் விளிம்பில் தன் கூடாரத்தைப் போட்டு, அதன் வாசலில் காலை நீட்டிக்கொண்டு இருந்தார். யாரையும் கூப்பிடவில்லை. எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

முதலில் சரோ கத்தியை வைத்துவிட்டுப் போனாள். பிறகு இன்னொருத்தி கையைத் துடைத்துக்கொண்டு போனாள். பிறகு இரண்டு பேர், மூன்று பேர். கடைசியில் சோற்றுக் கிடாரத்துக்குப் பக்கத்தில் அகப்பையோடு நின்றது நான் மட்டும்தான். சங்கத்தை இதற்குள் கொண்டுவந்தவளே நான் என்பதால் விட்டுப்போக வெட்கமாக இருந்தது. பேச்சாளர் தாய்மைக்கு வந்திருந்தார். அகப்பையைப் போட்டுவிட்டு நடந்தேன். அடுப்பை அணைக்கவில்லை. மறதி இல்லை, வேண்டுமென்றுதான் விட்டேன்.

அக்கா கொஞ்சம் அரக்கி இடம் தந்தார். "நீ நல்லதெண்டு நினைச்சுத்தான் செய்தனி. அதுதான் எனக்குக் கூடக் கோபம்" என்றார். நான்கு மாதத்துக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் வசனம் அதுதான். நான் அழுதேன். அவர் தேற்றவில்லை, எழும்பியும் போகவில்லை. சற்று நேரத்தில் அடிப்பிடித்த மணம் வந்தது. செயலாளர் ஓடி வந்தார்.

"அக்கா, சோறு எரியுது."

"அப்ப கிண்டுங்கோ தம்பி."

அன்று ஆண்கள் கருகிய சோறு சாப்பிட்டார்கள். பசியில் ஒருவரும் குறை சொல்லவில்லை. நாங்கள் பின்னேரம் நீர்த்தேக்கத்தை ஒரு சுற்று முழுதாக நடந்து வந்து மிச்சத்தைச் சாப்பிட்டோம். அடுத்த வருடம் சங்கம் வரவில்லை. நாங்கள் போனோம்.

போன மாதம் ஆஸ்பத்திரியில் அக்காவைப் பார்க்கப் போனபோது, இந்த ஓகஸ்டுக்கு என்ன செய்வது என்று கேட்டேன். முகம் சுருங்கிவிட்டது. நோவினால் என்று நினைத்து நேர்ஸைக் கூப்பிடப் போனேன். கையைப் பிடித்து நிறுத்தினார். குரல் மிகவும் மெலிந்திருந்தது, ஆனால் கோபம் மெலியவில்லை.

"என்னட்டை ஏன் கேக்கிறாய்? நான் ஆரிட்டையும் கேட்டனானோ?"

அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான். அன்பாக ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று வீடு வரும்வரை மனம் நொந்தேன். இப்போது அதைவிட அன்பான வார்த்தை ஒன்றும் எனக்கு நினைவில் இல்லை.

ஜெனிற்றா அம்மாவின் செபமாலையை வைத்திருக்கிறாள். மகன் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறான். பிரசுரம் எழுதியவர்கள் இல்லாத ஒரு அமைதியை அவருக்குக் கொடுத்துத் தாங்களும் கொஞ்சம் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அவருடைய கோபம் போதும். அதை மண்டபத்தில் வைத்து மாலை போட விடமாட்டேன். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்தேனே, அது என் கடைசி முறை.

ஆகவே உங்களுக்குத் தெரிவிக்கிறேன். ஓகஸ்ட் முதல் சனிக்கிழமையிலிருந்து மூன்று நாளுக்குப் பூங்காவில் என் பெயரில் இடம் பதிந்திருக்கிறேன். யாரிடமும் கேட்கவில்லை. சரோவோடு சேர்த்துப் பத்தொன்பது பெண்கள் பெயர் தந்திருக்கிறார்கள். சங்கத்தின் நினைவு விழாவும் அதே சனிக்கிழமைதானாம். மாற்றவேண்டாம், நன்றாக நடத்துங்கள். விருந்துக்குச் சமைக்க மட்டும் இப்போதே ஆள் பார்த்துக்கொள்ளுங்கள்.