தனியாகப் பிரித்து விற்பதில்லை

உத்தமபாளையத்தில் பிளெக்ஸ் பேனர் டிசைன் செய்யும் கர்ணன், கம்பம் பள்ளத்தாக்கிலுள்ள தாய்மாமன்களில் பாதிப் பேருக்கு மீசை முறுக்கிவிட்டவன். காதுகுத்து, சடங்கு என்று மாமனின் போட்டோ வந்து சேர்ந்தால் போதும், தொப்பையைக் குறைத்து, நிறத்தை ஏற்றி, பக்கத்தில் ஒரு சிங்கத்தையும் நிறுத்திவிடுவான். சொந்த மீசைக்குத்தான் கம்ப்யூட்டர் உதவவில்லை. மூன்று வருடம் ஹார்மோன் ஊசி போட்டதில் குரல் தடித்தது, கோபம் தடித்தது, மீசை மட்டும் பதினோரு முடியோடு நின்றுவிட்டது. எண்ணிப் பார்த்தவன் அவன்தான், தப்பாக இருக்க வாய்ப்பில்லை.

அவன் பெண்ணாகப் பிறந்தான் என்று ஊர் சொல்லும். பிறந்த அன்றைக்கு ஊர் அவசரப்பட்டுவிட்டது என்று அவன் சொல்வான். இந்தத் தகராறில் அப்பா ஒச்சாண்டி ஊர்ப் பக்கம் நின்றதால், நாலு வருடமாக அவன் கூடலூர் வீட்டுப் பக்கம் போகவில்லை.

அந்தக் கூடலூரிலிருந்துதான் தங்கச்சி ஓவியா போன் போட்டாள்.

"ஞாயித்துக்கெழம பயலுக்குக் காது குத்துறோம். நீதான் மடியில வச்சுக்கிடணும்."

"அப்பா ஒத்துக்கிட்டாகளா?"

"சித்தப்பா மகன் சுரேஷ்கண்ணன உக்கார வைக்கலாம்னு சொன்னாக. எம்பிள்ளைக்கு மாமன் இருக்கான், அவன் மடியிலதான்னு நானும் சொல்லிட்டேன். நல்ல சட்டையாப் போட்டுட்டு வா. நாடகத்துக்கு வேசங்கட்டுனவன் மாதிரி வந்து நின்னு என் மானத்த வாங்கிராதண்ணே."

அந்த 'அண்ணே'க்காகவே கர்ணன் உட்கார்ந்து அழுதிருப்பான். ஆனால் அழுவதற்கு நேரமில்லை. நல்ல சட்டைக்கு எங்கே போவது?

ஐயா, கேளுங்கள் அந்தக் கொடுமையை. ஆண்கள் சட்டை முப்பத்தெட்டில் ஆரம்பிக்கிறது. கர்ணன் ஐந்தடி உயரம், மூச்சை இழுத்துப் பிடித்தாலும் முப்பத்தாறு. கம்பத்து ஜவுளிக் கடைகளில் ஏறினால், அளவு எடுக்கிற ஆள் முதலில் முகத்தைப் பார்ப்பான், அப்புறம் நெஞ்சைப் பார்ப்பான், 'சார்' என்பதா 'மேடம்' என்பதா என்று திண்டாடி, கடைசியில் "ஒச்சாண்டி அண்ணன் வீட்டுப்..." என்று இழுப்பான். ஆன்லைனில் வாங்கினால் முழங்காலைத் தொடுகிறது. எந்த நைட்டியிடமிருந்து தப்பித்து ஓடினானோ, அதே நைட்டி காலர் வைத்துக்கொண்டு பார்சலில் வந்து இறங்கியது.

ஆகவே வெள்ளிக்கிழமை, தேனிக்குப் பஸ் ஏறி முல்லை ஸ்கொயருக்குப் போனான்.

பத்து வருடத்துக்கு முன்னால் அந்த மால் திறந்தபோது, நகரும் படியில் ஏறிப் பார்ப்பதற்கென்றே கடமலைக்குண்டிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். கர்ணனும் வந்திருக்கிறான். துப்பட்டா படியில் மாட்டிக்கொள்ளும் என்று அம்மா அதைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். ஆண்கள் துணி இருந்த முதல் மாடியை, நிற்காத பஸ்ஸிலிருந்து பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே இரண்டாம் மாடிக்குப் போய், இரண்டு சுடிதாரோடு இறங்கினான். அழுகை வந்தது. சுடிதார் பிடித்துப்போன சந்தோஷம் என்று அம்மா நினைத்துக்கொண்டாள்.

இப்போது நகரும் படி நகர்வதில்லை, மாடிப்படியாகக் கிடந்தது. தியேட்டருக்குப் பூட்டு. சாப்பாட்டுக் கடைகள் இருந்த இடத்தில் ஒரே ஒரு டீக்கடை. கடைகளில் பாதி ஷட்டரை இறக்கிவிட்டார்கள். பார்க்கிறவர்களுக்கு இது வீழ்ச்சி. கர்ணனுக்கோ சொர்க்கம். வேடிக்கை பார்க்க ஆளில்லை, உடுத்திப் பார்க்கும் அறைக்கு வரிசையில்லை, கதவின் தாழ்ப்பாளும் நன்றாக இருந்தது. பத்துக் குடும்பத்தின் பிழைப்பு போனால்தான் தனக்கு ஒரு சட்டை வாங்கத் தைரியம் வருகிறதே என்று நினைத்து, தன்னைத் தானே காறித் துப்பிக்கொண்டான். ஆனாலும் திரும்பிப் போகவில்லை.

ஆண்கள் பிரிவில் மிச்சமிருந்தது ரஃபியா என்ற ஒரே ஒரு விற்பனைக்காரம்மா. போனில் சீரியலை நிறுத்திவிட்டு எழுந்தாள்.

"என்ன சைசு தம்பி?"

தம்பி! அவள் காட்டுவதை எல்லாம் வாங்கிவிடலாம் போலிருந்தது. "முப்பத்தாறுக்கா."

"பெரிய ஆளுகளுக்கு முப்பத்தாறு வராதே. சின்னப் பயலுக பக்கம் வாங்க, பாப்போம்."

பதினாறு வயதுப் பையனுக்கான சட்டை கச்சிதமாகச் சேர்ந்தது. சட்டைப் பாக்கெட்டில் மட்டும் கூலிங்கிளாஸ் போட்ட சுறாமீன் படம். கண்ணாடியில் பார்த்தான். காது குத்த மடியில் வைத்துக்கொள்ளும் மாமன் அங்கே தெரியவில்லை. காது குத்திக்கொள்ளப் போகிறவன் தெரிந்தான்.

காதுகுத்துக்கு மாமனாகப் போவதை அவன் சொன்னதும் ரஃபியாவுக்குச் சிரிப்பு வந்தது. மறைக்கவும் இல்லை. "மாமனா போறீகளா? அதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று அடித்தட்டிலிருந்து தூசி தட்டி ஒரு பெட்டியை எடுத்தாள். சந்தன நிறச் சட்டை இரண்டு. அப்பாவுக்குப் பெரியது, மகனுக்குச் சின்னது, ஒரே துணி, ஒரே கரை. "கம்பெனிக்காரன் இந்த ஒரு பெட்டியில அப்பன் சட்டையச் சின்னதா வெட்டிட்டான். மூணு வருசமா எந்த அப்பனுக்கும் பத்தல. போட்டுப் பாருங்க."

தோள் தோளில் உட்கார்ந்தது. கை மணிக்கட்டோடு நின்றது. நெஞ்சை அமுக்கும் இறுக்கமான உள்பனியன் வெளியே தெரியவில்லை. முப்பது வயதில் முதல் முறையாக ஒரு சட்டை அவனிடம் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. சந்தோஷம் தாங்காமல் சிங்கத்துக்குப் பக்கத்தில் நிற்பதுபோல் நின்று பார்த்தான்.

கதவு தட்டப்பட்டது. "தம்பி, உள்ளயே குடியேறிட்டீகளா? மாசக் கடைசியில கட்டடத்தையே மூடுறோம், பாத்துக்கங்க."

"பெருசு மட்டும் போதும்க்கா. எனக்கு மகன் இல்ல."

அவள் பெட்டியின் மேல் எழுதியிருந்ததைத் தட்டிக் காட்டினாள்: தனியாகப் பிரித்து விற்பதில்லை. "மருமகன் இருக்கான்ல? போட்டு விடுங்க."

ஞாயிற்றுக்கிழமை, குலசாமி கோயில். ஒட்டுகிற வேட்டி கட்டி, அது அவிழ்ந்துவிடுமோ என்று அதன் மேல் பெல்ட்டும் போட்டு, பெல்ட்டை நம்பாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டே வந்தான் கர்ணன். சுரேஷ்கண்ணன் பட்டுச் சட்டையில், பன்னிரண்டாவது ஆட்டக்காரன் போல ஓரமாகத் தயாராக நின்றான். அப்பா, சொந்தக்காரர்களை ஏற்றி வந்த ஜீப் பக்கம் திரும்பி நின்றார்.

"மாமன் யாருப்பா?" என்றார் காது குத்த வந்த ஆசாரி.

இரண்டு பேர் முன்னால் வந்தார்கள். மொட்டைத் தலையில் சந்தனமும் அதே சந்தன நிறச் சட்டையுமாக இருந்த பயலை, ஓவியா யாரையும் கேட்காமல் கர்ணன் மடியில் வைத்தாள். கூட்டம் சிரித்தது. "ஆத்தாடி, மாமனும் மருமகனும் ஒரே துணியில!" என்றாள் ஒருத்தி.

முதல் காதில் ஊசி ஏறியது. பயல் கோயிலே அதிர வீறிட்டு, குடித்த பால் முழுவதையும் மாமன் நெஞ்சில் கக்கினான். சொந்தக்காரி ஒருத்தி, வேண்டாம் என்று சொல்வதற்குள் ஒரு செம்புத் தண்ணீரை அள்ளி ஊற்றிவிட்டாள். மெல்லிய சட்டை உடம்போடு ஒட்டியது. உள்பனியனின் பட்டைகளும் தையலும் பளிச்சென்று தெரிந்தன.

"சட்டையக் கழட்டிருப்பா. ஆம்பளைக்கு என்ன வெக்கம்?" என்றார் ஆசாரி, நல்ல மனசோடுதான். உதவி செய்கிறேன் என்று சுரேஷ்கண்ணன் பொத்தானுக்கே கையை நீட்டிவிட்டான். கர்ணன் பயலை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டான். பூமி பிளந்தால் வேட்டி, பெல்ட்டு எல்லாவற்றோடும் இறங்கிவிடலாம் என்றிருந்தது. நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுந்து ஓடினால் மாமனும் இல்லை, அண்ணனும் இல்லை என்று அவனுக்குத் தெரியும்.

ஜீப் பக்கமிருந்து அப்பா வந்தார். சுரேஷ்கண்ணன் கையைத் தட்டிவிட்டார். தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து, கர்ணன் தோளைச் சுற்றிப் போர்த்தி, முன்னால் இழுத்து மூடி, முனையை இடுப்பில் சொருகினார். மகனின் முகத்தைப் பார்க்கவில்லை.

"இன்னொரு காது கெடக்குல்ல ஆசாரி? குத்துங்க. மாமன்தான் உக்காந்திருக்கான்ல."

ஆசாரி குத்தினார். பயல் அழுதான். கர்ணன் அதைவிடச் சத்தமாக அழுதான். குத்தியது யாருக்கு என்று கேட்டுக் கேட்டு, பந்தி முடியும் வரைக்கும் அவனைக் கேலி செய்து தீர்த்தார்கள்.

பந்தியில் அப்பா பக்கத்து இலையில் உட்கார்ந்தார். ரசம் வரும் வரை குனிந்து சாப்பிட்டார். அப்புறம் கர்ணனின் சட்டைக் கையை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தார்.

"எங்கன எடுத்தது?"

"தேனியில, மால்லப்பா."

"நாப்பத்திரண்டு இருக்குமா?"

திங்கட்கிழமை காலை, துவைத்துக் காயவைத்த அதே சட்டையில், நகராத படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினான் கர்ணன். ரஃபியா பெட்டிகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள்.

"நாப்பத்திரண்டா? மலையாக் கெடக்கு தம்பி. ஆனா எல்லாம் செட்டுதான். அப்பன் சட்டையோட மகன் சட்டையும் வாங்கணும்."

"மகன் சட்டை வேணாம்க்கா" என்றான் கர்ணன். "மகன் போட்டுட்டுத்தான் வந்து நிக்கான்."