யார் சித்தம் என்று கேட்டவள்

திரைச்சீலை தைக்கும் கடையில் அவளுக்கு ‘ரெண்டு புத்தகக்காரி’ என்று பெயர். அவள் கைப்பையில் எந்நேரமும் இரண்டு புத்தகங்கள் இருக்கும். ஒன்று தியானமோ புனிதர் வரலாறோ. மற்றது துப்பறியும் கதை. காலையில் பேருந்தில் முதலாவதை வாசிப்பாள். மதியம் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, தையல் மெஷின் மேலேயே இரண்டாவதை விரித்துக்கொள்வாள்.

“ஒரு கால் மோட்சத்துல, ஒரு கால் போலீஸ் ஸ்டேஷன்லயா?” என்று கட்டிங் மாஸ்டர் வம்புக்கு இழுப்பார்.

“ரெண்டு காலும் இருந்தாத்தான் மாஸ்டர் நடக்க முடியும்.”

கணவன் லிஃப்ட் மெக்கானிக். போன மழைக்காலத்தில், துணிக்கடைக் கட்டடம் ஒன்றில் லிஃப்டின் மேல் நின்று அவன் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது தேய்ந்துபோயிருந்த பிரேக் பிடிக்கவில்லை. லிஃப்டோடு அவனும் போனான். அடக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல ஒன்றையே சொன்னார்கள்: கடவுள் சித்தம். கட்டட முதலாளியும் பெரிய மாலையாகப் போட்டுவிட்டு அதையேதான் சொன்னார்.

அதன்பின் பல வாரங்கள் அவளால் ஜெபமாலையைத் தொட முடியவில்லை. துன்பத்துக்கு நன்றி சொல் என்றது தியானப் புத்தகம். அதைச் சுவரில் விட்டெறிந்தாள். பிறகு கிழிந்த அட்டையை அவளே பசை தடவி ஒட்டினாள். கோபம் மட்டும் ஒட்டிக்கொண்டே இருந்தது. அந்த நாட்களில் அவளைத் தூக்கி நிறுத்தியவை துப்பறியும் கதைகள்தான். அவற்றில் ஓர் ஆள் செத்துவிட்டால், யார், எப்படி, ஏன் என்று கேட்காமல் ஒருத்தரும் வீட்டுக்குப் போவதில்லை. செத்தவனுக்கு அத்தனை மரியாதை.

ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் வாசிப்பு வட்டம் கூடும். இப்போது என்ன வாசிக்கிறோம் என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர்தான் தலைவர். அன்று அவள் முறை வந்தது.

“மௌன ஜெபத்தைப் பத்தி ஒரு துறவி எழுதினது பாதி முடிஞ்சிருக்கு. கூடவே ஒரு கொலைக்கதை. சமையல்காரருக்கு யாரோ விஷம் வெச்சுட்டாங்க. எனக்கு வீட்டு எஜமானியம்மா மேலதான் சந்தேகம்.”

நாலைந்து பேர் சிரித்தார்கள். தலைமை ஆசிரியர் சிரிக்கவில்லை.

“ஆன்ம வளர்ச்சிக்காக வாசிக்கிற இடம்மா இது. ரத்தமும் விஷமும் எதுக்கு? அவர் போனது கடவுள் சித்தம்னு நீங்க மனசார ஏத்துக்கிட்டா, இந்தக் கதையெல்லாம் தேவையே இருக்காது.”

அவளுக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. எழுந்து நின்றாள்.

“பிரேக்கை மாத்தாம விட்டது யார் சித்தம், சார்?”



“கடவுளா வந்து அதைத் தேய வெச்சாரு? செய்யாதவர் தலையில பழியைப் போடறதுக்குப் பேரு பக்தியா? கதையில ஒரு சமையல்காரன் செத்தா வீட்டையே நிக்க வெச்சுக் கேக்கறாங்க. என் புருஷன் செத்தப்ப உங்கள்ல ஒருத்தராவது வாயைத் திறந்தீங்களா?”

“அந்த முதலாளிதாம்மா நம்ம கோயிலுக்கு மணி வாங்கிக் குடுத்தவரு...” என்று பின்வரிசையில் யாரோ இழுத்தார்.

“மணி வாங்கத் தெரிஞ்சவருக்கு பிரேக் வாங்கத் தெரியலையா?”

பையை எடுத்துக்கொண்டு வெளியேறினாள். தெருமுனைவரை திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அங்கேதான் அவளுக்குத் தன்மேலும் ஆத்திரம் வந்தது. ஊரைக் கேட்டாளே, அவள்தான் யாரிடம் கேட்டாள்?

நேரே கொழுந்தன் வீட்டுக்குப் போனாள். அவன் அதே கட்டடத்தில் எலக்ட்ரீஷியன். விபத்து நடந்த அன்று வேலையில் இருந்தவன். வாசலில் நின்றபடியே கேட்டாள்.

“உங்க அண்ணன் பிரேக்கைப் பத்தி முதலாளிகிட்ட சொன்னாரா, இல்லையா?”

“உள்ள வாங்க அண்ணி, உக்காந்து பேசலாம்.”

“உக்கார வரல. சொன்னாரா?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். “சொன்னாரு. அது தேஞ்சு போச்சு, ஓட்டாதீங்கன்னு என் கண்ணெதிர்லதான் சொன்னாரு. தள்ளுபடி விற்பனை முடியட்டும், அதுவரைக்கும் சமாளின்னுட்டாரு முதலாளி.”

“இத்தனை மாசமா இதை முழுங்கிட்டு என் வீட்டுல வந்து சாப்பிட்டுப் போனியா?”

“என் பொழப்பு அங்கதான் அண்ணி. ரெண்டு பிள்ளைங்க...”

“அவரு பொழப்பும் அங்கதான் போச்சு.”

மறுநாள் கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுத் தொழிலாளர் அலுவலகத்துக்குத் தனியாகவே போய்ப் புகார் கொடுத்தாள். அங்கேயும் காரியம் லேசில் நடக்கவில்லை. நாளை வா, அந்த அறைக்குப் போ என்று அலைக்கழித்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு புத்தகங்களையும் முடித்து, அடுத்த இரண்டைத் தொடங்கினாள். கிளார்க்குகளே அவளைக் கண்டால் பேனாவை எடுக்கும் அளவுக்கு வந்தது.

விசாரணை அன்று முதலாளி வெள்ளைச் சட்டையில் வந்தார். எனக்கு யாருமே எதுவும் சொல்லவில்லை என்று கூசாமல் சொன்னார். அதிகாரி அவள் பக்கம் திரும்பியபோது கதவு திறந்தது. கொழுந்தன், வேலை உடுப்போடு. யார் முகத்தையும் பார்க்காமல், நடந்ததை நடந்தபடி சொல்லி முடித்தான். 

லிஃப்டுக்குச் சீல் வைத்தார்கள். முதலாளி மேல் வழக்குப் பதிவானது. அது இன்னும் நடக்கிறது. கொழுந்தனுக்கு அந்த வாரமே வேலை போனது. கட்டிங் மாஸ்டரிடம் சொல்லி அவனுக்கு வேறு இடம் பார்த்துக் கொடுத்தவள் அவள்தான். வீட்டுக்கு வந்தால் சோறு போடுகிறாள். முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அதற்கு இன்னும் நாளாகும்.

ஒரு ஞாயிறு பங்குச் சாமியார் அவளை நிறுத்தி, “வட்டத்துக்குத் திரும்ப வாங்கம்மா, தலைமை ஆசிரியரே வருத்தப்படறாரு” என்றார்.

“வருத்தம்னா அவரே வந்து சொல்லட்டும் சாமி.”

அவர் வரவில்லை. அவள் பூசைக்குத் தவறாமல் போகிறாள், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனமும் செய்கிறாள். முதலாளி மேலுள்ள கோபத்தை மட்டும் அங்கே சொல்வதில்லை. அது பாவம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.